இல்லம் வரை பதினேழு அடி

மேலிருந்து அங்கமுத்து கயிறு விடுகிறான்.
மரச்சட்டம், அதன் இடுக்கில் செருகிய பன்னம்,
டீசல் பம்ப்பின் இருமல்.
அளவு நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு
பொகவந்தலாவையின் வயிற்றுக்குள் இறங்குகிறேன்.

முதல் இரண்டு அடி கறுப்பு.
தேயிலை மலையிலிருந்து கழுவி வந்தது:
உரச் சாக்கின் நைலோன் நூல்,
ஒரு செருப்பு வார்,
கொழுந்துக் கூடையிலிருந்து பிய்ந்த மூங்கில் சிம்பு.

அதற்குக் கீழே சாம்பல் களி, நாலடி.
அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கில் இடம் இருந்திருக்கிறது,
மணல் கொஞ்சமாக வந்திருக்கிறது.
ஆறு ஒரே தடத்தில் படுத்துக்கிடந்து
வெள்ளத்தன்று மட்டும் எழுந்து
கரைக்கு வெளியே சேற்றை மெல்லப் பரப்பிவிட்டுத்
திரும்பிப் போயிருக்கிறது.
இலைகள்கூட மடியாமல் கிடக்கின்றன.
இடம் இருந்தால் மெலிந்ததும் தங்கும்.

"இடங்கொடுத்தா மடத்தப் புடுங்கும்."
இதை அங்கமுத்துவின் மாமியார்
என்னைப் பற்றித்தான் சொன்னாள்,
அவர்கள் காம்பராவில் நான் தங்கிய மூன்றாம் நாள்.
ஆற்றுக்கும் அது பொருந்தும்.

ஆறாவது அடியில் மணல்.
பிறகு மணல். பிறகும் மணல்.
ஒரு தடத்தை இன்னொன்று தின்று
அதை வேறொன்று தின்று.
பள்ளத்தாக்கு தாழ மறுத்த காலம்,
மலையோ கொட்டிக்கொண்டே இருந்த காலம்.
அடுக்கி வைக்க இடமில்லாத ஆறு
இடமும் வலமும் புரண்டு புரண்டு
நேற்று தான் வைத்த சேற்றைத் தானே துடைத்தது.
மிஞ்சியது கனமானது மட்டும்.

(குறிப்பேட்டில் இதை ஒரு விகிதமாக எழுதுவேன்:
வருவது எவ்வளவு,
வைக்க இடம் எவ்வளவு.)

பத்துக்குப் பன்னிரண்டு, அந்தக் காம்பரா.
ஆறு பேர். நான் ஏழாவது.
பாய் விரிக்க வேண்டுமென்றால் விறகை வெளியே எடுக்க வேண்டும்.
கப்பலேறி வந்தவரின் கடிதம்,
பிறப்புச் சான்றிதழ்கள்,
நடக்கும் முன்னே போய்விட்ட பிள்ளையின் சட்டை,
எதுவும் அங்கே இல்லை.
ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும்
ஒன்றை வெளியே போட்டுத்தான் இன்னொன்றுக்கு வழி.
இருப்பது ஓர் அம்மி, ஒரு தகரப் பெட்டி.
ஐந்து தலைமுறைக்கு இவ்வளவு சரளை.

ஓயா என்றால் சிங்களத்தில் ஆறு.
தமிழில், நிற்கத் தெரியாதது.
கெஹெல்கமு ஓயா இரண்டு மொழியிலும் சரியாகவே ஓடுகிறது
காசல்ரீ வரைக்கும்.
அங்கே அணை. தேங்கிய நீர்.
கடலே மலையேறி எதிரே வந்துவிட்டது போல
நடை தளர்ந்து
சுமந்ததையெல்லாம் வாசலிலேயே இறக்குகிறது.
எங்கோ ஒரு சரிவின் மண்
தண்ணீருக்கடியில் குடியேறிக்கொண்டிருக்கிறது,
விண்ணப்பப் படிவம் இல்லாமல்,
கையெழுத்துக்கு எந்தத் துரையும் இல்லாமல்.

பதினேழாம் அடியில் மண்வெட்டியின் ஓசை மாறுகிறது.
"இல்லம்!" என்று கத்துகிறார் குணதிலக.
மாணிக்கம் கிடக்கக்கூடிய கூழாங்கல் படைக்கு
குழிக்காரர்கள் வைத்த பெயர்.
எனக்கு அது வீடு.
எனக்குச் சிரிப்பு வருகிறது, அவருக்கு விளக்கவில்லை.

மேலே அங்கமுத்து கூடையைச் சுழற்றி அலசுகிறான்.
இல்லை.
மறுபடி அலசுகிறான்.
இல்லை.

நான் சுவரைப் பார்க்கிறேன்.
இரண்டு மணல் படைகளுக்கு நடுவில்
ஆறு துடைக்கத் தவறிய களிமண்,
ஒரு முழ நீளம், நாலு விரல் கனம்.
அதில் ஒரு பன்ன இலையின் நரம்பு.
எந்தப் பள்ளத்திலோ பதுங்கித் தப்பியிருக்கிறது.

"என்ன மிஸ், கல்லா?"
"இல்ல. சேறு."
"சேத்துக்கா இப்படிப் பல்லக் காட்டுறீங்க?"

பம்ப் நின்றுவிட்டது.
தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது.
களி, நாலு விரல், என்று எழுதிவிட்டு
கயிற்றை ஆட்டுகிறேன்.
ஏறும்போது பென்சில் நழுவி விழுந்தது.
எடுக்கப் போகவில்லை.
அதற்கு அங்கே இடம் இருந்தது.