மறுகா

ஒரு துடிப்பைக் கணிக்க ஒன்பது மணித்தியாலம்.
ஒலுவிலில், கம்பஸின் கடற்பக்க ஆய்வுகூடத்தில்
ஏசி சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில்
இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும்.
அது ஒருதரம் துடித்து முடிவதற்குள்
எனக்கு முப்பத்தெட்டாயிரம் துடித்திருக்கும்.
கணக்குப் பார்த்தேன். இரவில் வேறென்ன வேலை.

இதயம் உதுமாலெவ்வையுடையது.
மட்டக்களப்பில் எடுத்த படங்களிலிருந்து
பன்னிரண்டு லட்சம் புள்ளிகளாய்ப் பின்னினேன்.
புள்ளிக்குப் புள்ளி வாசல்கள்:
சோடியம் முண்டியடித்து உள்ளே வரும்,
கல்சியம் தயங்கித் தயங்கி.
பொட்டாசியம் கடைசியாய் வெளியேறும்,
விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவரைப் போல.
இடது கீழறையில் நகக்கண்ணளவு ஒரு தழும்பு:
நெல்லு மில்லில் மோட்டர் பார்த்த மனிசன்
நெஞ்சு நோவை வாய்வென்று
இஞ்சி குடித்துக் கழித்த ஒரு கிழமை.

சம்மாந்துறை வட்டையில்
வெட்டு முடிந்து அரிதாளுக்குத் தீ வைப்பார்கள்.
எரிந்த இடத்துக்குத் தீ திரும்பாது.
திட்டியைக் கண்டால் இரண்டாய்ப் பிரிந்து
அந்தப் பக்கம் சந்தித்து
ஒன்றையொன்று தின்று அணையும்.
நெஞ்சுக்குள் ஓடும் மின்னும் அப்படித்தான்;
என்ன, இந்த வட்டையில்
முந்நூறு மில்லிசெக்கனில்
புல் திரும்ப முளைத்துவிடும்.

இருநூற்றுத் தொண்ணூறில்
அவசரத் துடிப்பொன்றைப் போட்டேன்.
தழும்பின் ஒரு கரை இன்னும் சாம்பல். தீ நின்றது.
மறுகரையால் ஊர்ந்து, சுற்றி,
புறப்பட்ட இடத்துக்கே பின்கதவால் வந்தது.
அங்கே புல் முளைத்திருந்தது.
மறுகா.
மறுகா.
நீலத்தைக் கிழித்துக்கொண்டு சிவப்புச் சுருள்.
மூன்று சுற்றுச் சுற்றி முடிய வியாழன் விடிந்தது.
அவரை அடக்கியது செவ்வாய்.

முந்நூற்றுப் பத்து என்று திருத்தி ஓடவிட்டேன்.
இருபது மில்லிசெக்கன்;
கண் இமைக்கவே இதைவிட நேரம் வேண்டும்.
இரண்டு கரையும் பச்சை.
அலை பிரிந்தது, சந்தித்தது, அணைந்தது.
அடுத்த துடிப்பு
ஒன்றுமே நடவாததுபோல் மேலறையிலிருந்து இறங்கிற்று.
கட்டுரையில் இதற்கு ஒரு வரி வரும்.

சல்மத்தும்மா போன் எடுத்தா.
“அவர்ர படம் இன்னும் உங்களிட்டயா மகள்?”
ஓம் என்றேன்.
“அதுக்குள்ள அவருக்கு அடிக்குதா?”
இரவுக்கு ஒன்று, என்றேன்.
கனநேரம் பேச்சில்லை. பின்னால்
யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.
“கரண்ட் காசு ஆரு கட்டுற?”
கம்பஸ் கட்டுது.
“ம்ம்,” என்றா. “மறுகா?”

திரையைப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாவது மில்லிசெக்கனில்
அலை பாதி இதயம் தாண்டி வந்துகொண்டிருந்தது.
அதுவரைக்கும் சொன்னேன்.