பத்தொன்பதாம் கட்டம்

கலாபோவில் வெள்ளம் வடியாத ஏப்ரல்.
பதிவேட்டில் பத்தொன்பதாம் கட்டம்:
இறந்து பிறந்தது என்றால் 1
பிறந்து இறந்தது என்றால் 2.
ஆயிரத்துக்கு எத்தனை என்று லுசாக்காவில் வகுப்பார்கள்.
என்னிடம் இருப்பது ஒன்று.

செவிலி செபிசோ 1 போட்டிருந்தாள்.
ஓரத்தில், தோல் உரியவில்லை.
அப்படியென்றால் வலி கண்டபோது
பிள்ளைக்கு உயிர் இருந்திருக்கிறது.
பயிற்சியில் சொல்லித்தந்த பாடம்,
தேர்விலும் வந்தது.

நாற்பத்தொரு கேள்விகளோடு படகேறினேன்.
நலுகுயியின் வீடு தண்ணீர் சூழ்ந்த மேட்டில்.
பால் வற்றவென்று
மார்பைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள்.
துணி நனைந்திருந்தது.

வலி எப்போது தொடங்கியது?
கோழி அடையும்போது.
புறப்பட்டது?
துடுப்புக்கு ஆள் கிடைத்தபோது.
போய்ச் சேர எவ்வளவு நேரம்?
நாணல் வழியை அடைத்திருந்தது. நிலா இல்லை.
படிவம் கேட்பது மணி, நிமிடம்.
இரத்த அழுத்தம் பார்த்தார்களா?
கையில் பட்டை கட்டினார்கள்.
பேட்டரி இல்லையென்று அவிழ்த்துவிட்டார்கள்.
எத்தனையாவது பிரசவம்?
நான்கு. இருப்பது இரண்டு.

குழந்தை அழுததா?
இல்லை.
அசைந்ததா?
இல்லை.
மூச்சு?

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த லிகாண்டோவின்
கை நின்றது.

வாய் திறந்தான், என்றாள்.
இரண்டு தரம்.
அந்த ஊதுபையை முகத்தில் வைத்து
செபிசோ அமுக்கினாள், அமுக்கினாள்.
விளிம்பு ரப்பர் கிழிந்திருந்தது.
காற்றெல்லாம் பக்கவாட்டில் வந்து
என் தொடையில் பட்டது.
குளிர்ந்த காற்று.
இன்னும் அந்த இடத்தில் இருக்கிறது.

2 போட்டால் விசாரணை வரும்.
இரண்டு இரவாய்க் கண்மூடாத
ஒற்றைச் செவிலியை
நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பார்கள்.
1 போட்டால் யாரும் வரமாட்டார்கள்.
புது ஊதுபையும் வராது.

பெயர் வைத்தீர்களா என்று
படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்.
எழுத இடம் இருக்கிறதா என்றாள்.
இல்லை.
அப்படியானால் என்னிடமே இருக்கட்டும்.

மடியில் பதிவேட்டை விரித்து
1-ஐ அடித்தேன், விதிப்படி ஒற்றைக்கோட்டால்,
கீழே இருந்தது படிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் 2.
அதன் பக்கத்தில் என் கையொப்பம்.
செபிசோவிடம் என்ன சொல்வது,
படகு திரும்பும்வரை யோசிக்கலாம்.

லிகாண்டோ எட்டிப் பார்த்தான்.
இரண்டு என்றால் என்ன?

இருந்தான் என்று.

அவன் வலைக்குத் திரும்பினான்.
அதே முடிச்சு.
பல்லால் கடித்தும் அவிழவில்லை.