சுவரில் ஒரு சந்து

குவாதலஹாராவின் பழைய நடுவூரில்
ஒரு மூலையைத் தவறவிட்டால்
அடுத்த மூலை மன்னித்துவிடும்.
உபால்தோ அங்கேதான் வண்டி பழகினான்.
காஸ் சிலிண்டர் வண்டி.
கல்யாண ஊர்வலமே குறுக்கே வந்தாலும்
வலது, மறுபடி வலது,
எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பிறகு ஊர் தெற்கே ஒழுகிற்று,
சரியாக மூடாத குழாய் மாதிரி,
சோளக்காட்டுக்குள் சொட்டுச் சொட்டாக.
ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு மதில், ஒரு வாசல்,
ஒரு காவலாளி, ஒரு பறவையின் பெயர்.
அன்னங்களின் சோலை. நாரைகளின் தோட்டம்.
(அன்னம் எதுவும் வரவில்லை. கொசு வந்தது.)
உள்ளே தெருக்கள் வளைந்து வளைந்து போய்
ஒரு வட்டத்தில் வாலைச் சுருட்டிப் படுத்துக்கொண்டன.

முட்டுச்சந்து என்கிறோம்.
சந்து என்ற சொல்லுக்குள்ளேயே சந்திப்பு இருக்கிறது;
முன்னால் முட்டு வந்து உட்கார்ந்ததும்
யாரும் யாரையும் சந்திப்பதில்லை.

தொமித்தீலா இருப்பது அன்னத்தில்.
செவிலி பிரீகிதா நாரையில்.
நடுவே ஒரு செங்கல் அகலம்.
இவள் மிளகாய் வறுத்தால் அவள் தும்முவாள்.
ஆனால் இவள் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு
நெடுஞ்சாலை ஏறி, திரும்பும் இடம் தேடி, இறங்கி
ஒன்பது கிலோமீட்டர்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே,
இங்கே அதற்குப் பெட்ரோல் செலவும் உண்டு.

பிப்ரவரியில் ஓர் இரவு
தொமித்தீலாவின் மகனுக்கு மூச்சு இழுத்தது.
கத்தினாள்.
சுவருக்கு அப்பால் விளக்கெரிந்தது.
மேசைமேல் நாற்காலி வைத்து ஏறி
மதிலில் பதித்த கண்ணாடிச் சில்லுகளின் மீது
பழைய மெத்தையை விரித்து
இன்ஹேலரோடு இறங்கினாள் பிரீகிதா.
ஆம்புலன்ஸ் வந்தபோது பையன்
சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே சுவரில் ஓர் ஓட்டை.
முதலில் நாய். பிறகு பள்ளிப் பைகள்.
பிறகு, குனிய முடிந்தவர்கள் எல்லாரும்.
தமால் விற்பவரின் மூன்று சக்கர வண்டி மட்டும்
கைப்பிடி மாட்டிக்கொண்டு நின்றது.
மறுநாள் காலை
ஓட்டை ஒரு கைப்பிடி அகலம் கூடியிருந்தது.

கம்பெனி ஆள் வந்து பூசினார். உடைந்தது.
பூசினார். உடைந்தது.
பாதுகாப்பு பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டினார்;
அதைக் கிழித்து, பின்பக்கத்தில்
யாரோ மளிகைக் கணக்கு எழுதினார்கள்.
தொன் எவரார்தோவின் சைக்கிள்
அந்த வழியாகத்தான் திருட்டுப் போயிற்று,
அதுவும் பொய்யில்லை.
அவர் இன்னும் அந்தப் பக்கம் முகம் திருப்புவதில்லை.

யார் உடைப்பது என்று கேட்டால்
உபால்தோ குறட்டைத் துடைத்துக்கொண்டிருப்பான்.
அவனுக்குக் கூலி சிலிண்டர் கணக்கில்;
கிலோமீட்டர் கணக்கில் யாரும் தருவதில்லை.

நேற்று, தெற்கே இன்னும் தள்ளி,
அறுத்த சோளத் தட்டைகளுக்கு நடுவே
சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்.
வண்டியை நிறுத்தி நடந்து பார்த்தான்.
ஒரே வாசல்.
கோடு வளைகிறது, சுருள்கிறது, நிற்கிறது.
கடைசிக் கோட்டைப் பூட்ஸ் காலால் தேய்த்தான்,
ஒரு தமால் வண்டி போகும் அகலத்துக்கு.
அந்த இடத்திலேயே நின்று சிகரெட் பற்றவைத்தான்.

பெயர்ப் பலகை மட்டும் ஏற்கெனவே வந்துவிட்டது:
தேன்சிட்டுகளின் பள்ளத்தாக்கு.