பாக்கி

நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கம் அவனுடைய அல்ஜீப்ரா.
புரட்டிப் பிடித்தால் என் கடை.

யார் எத்தனை தேநீர், யார் எத்தனை மண்டாசி,
யார் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னது.
என் கையெழுத்து எனக்கே புரியாது என்பதால்
கணக்கு எழுதுவது மொகாயாவின் வேலை.
பள்ளிக்குக் கிளம்பும் முன்
சட்டைப் பொத்தானைப் போட்டபடி
நின்றவாக்கில் எழுதுவான்.
ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுப்பான்.
எங்கே கற்றானோ.

கடைக்கு எதிரே காவல் சாவடி.
நைரோபியின் இந்த ஓரத்தில்
தகரம் அல்லாத கூரை அது ஒன்றுதான்.
இரவுப் பணி முடிந்து வருகிறவர்களுக்கு
எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வேண்டும்.
கார்ப்பரல் சிமியூவுக்கு ஏலக்காய் தூக்கலாக.
துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்வார்.
"மொகாயாவின் அம்மா, இன்னும் ரெண்டு" என்பார்.

இங்கே அப்படித்தான்.
பிள்ளை பிறந்த அன்றே
தாயின் பெயர் உள்ளே போய்விடும்.
பதினேழு வருடமாக
கெமுன்தோ என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

*

செவ்வாய்க்கிழமை மாலை மின்சாரம் போயிருந்தது.
சைக்கிள் பம்ப் இரவல் வாங்கப் போனவன்
பம்போடு திரும்பிக்கொண்டிருந்தான்.

அறிக்கையில் இருப்பது:
ஆயுதம் போன்றதொரு பொருள்,
எச்சரிக்கை,
தற்காப்பு,
பணியின்போது.

அறிக்கையில் இல்லாதது:
வாசலில் காற்றிறங்கிய ஒரு முன்சக்கரம்.
சுட்டவரின் பெயர்.
டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தவர்
"ஐயோ, இது மொகாயா" என்றது
நாலு தகரம் தள்ளிக் கேட்டது.
அந்தக் குரலுக்கு ஏலக்காய் எவ்வளவு என்று
எனக்குத் தெரியும்.

பம்புக்குச் சொந்தக்காரர் ஒடெரா
துக்கம் கேட்க வந்தார்.
வெகுநேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.
அது சாட்சியப் பொருளாம், திரும்பத் தரமாட்டார்களாம்.
பரவாயில்லை, பரவாயில்லை என்று
அவரே சொல்லிக்கொண்டார்.
எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.
பிறகு, புதுப் பம்ப் என்ன விலை என்று கேட்டேன்.

சவக்கிடங்கிலும் ஒரு நோட்டு உண்டு.
நாளொன்றுக்கு இவ்வளவு.
மருத்துவர் விடுப்பில் இருந்த ஆறு நாளும்
அதில் சேர்த்தி.
குமாஸ்தா நல்ல பெண்.
மொத்தத்தை மட்டும் மெல்லிய குரலில் சொன்னாள்.

*

பன்னிரண்டாம் நாள் அடுப்பு மூட்டினேன்.
இளையவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும்,
மாவில் வண்டு விழத் தொடங்கியிருந்தது.
நோட்டைப் புரட்டினேன்.
அவன் எழுதிய கடைசி வரி:
சிமியூ, நான்கு மண்டாசி, இரண்டு தேநீர்.
கீழே கூட்டுத்தொகை, முந்நூற்று எழுபது.
ஏழின் நடுவில் கோடு.

அந்தக் காலையில் என் மகன்
அந்தப் பெயரை எழுதியிருக்கிறான்,
அழகாக, எழுத்துப் பிழை இல்லாமல்.

தீர்த்துவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.
தீர விசாரிப்போம் என்றார் அதிகாரி.
தீர்ப்பு வர வருடங்கள் ஆகும் என்றார் வக்கீல்.
எல்லோர் வாயிலும் அந்த ஒரு சொல்தான்
பல்லில் சிக்கிய நார்போல.
நான் பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன்.
அந்த வரியை அடிக்கவில்லை.

*

நேற்று ஓர் இளைஞன் வந்தான்.
சீருடை இல்லை, பூட்ஸ் காட்டிக்கொடுத்தது.
சிமியூவை வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்களாம்.
"பாக்கியைக் கொடுத்துவிடச் சொன்னார், மொகா..."
என்று தொடங்கியவன் நிறுத்தினான்.
என்னை எப்படிக் கூப்பிடுவது என்று
அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.
இரண்டாக மடித்த ஐநூறு ஷில்லிங்
எங்கள் நடுவே நீண்டபடி இருந்தது.

எண்ணெய் காய்ந்துவிட்டது. வரிசையில் நாலு பேர்.
ஈரத்துணிக்கு அடியில் டப்பா நிறைய நாணயம்.

சில்லறை இல்லை என்றேன்.