யார் முதலில் வந்தது

ஐஸ் பெட்டி மூடியின் மேல் காசைக் கொட்டினோம்.
மூவாயிரம்.
எல்லா நோட்டிலும் ஈரம், செதில்.
காசிமேட்டில் மணி பத்தரை, படகுகளில் வலை உலர்கிறது.

"நா இல்லாங்காட்டி ஏலத்துல
உங்கள எவன் நிக்க வுடுவான்?"
என்றாள் பிலோமினா.
உண்மை. அவள் விரல் உயராத நாளில்
தேசிங்கின் வண்டி சிமெண்ட் மூட்டை ஏற்றும்,
முந்நூறு வரும். அவ்வளவுதான்.
மீதி இரண்டாயிரத்து எழுநூறும் தனது என்றாள்.

"வண்டி இல்லாம மண்ணடி வரைக்கும்
தலையில தூக்கினு போவியா?"
இது தேசிங்கு.
அதுவும் உண்மை. அவனை விட்டால்
ஆயிரத்து இருநூறுக்கு மேல் தேறாது.
அவன் கேட்டது ஆயிரத்து எண்ணூறு.

நான் ஜிலானி.
நாலு ஹோட்டலும் இரண்டு மெஸ்ஸும்
என் குரல் கேட்டு வஞ்சிரம் வாங்குகிறவை.
நானில்லாமல் பாதிதான் விற்கும்.
மற்ற பாதியை நான் கேட்டேன்.

கூட்டிப் பார்த்தால் ஆறாயிரம்.
எங்கள் வாய்க்குள் காசு குட்டி போட்டிருந்தது.
மூடியின் மேல் அதே மூவாயிரம்.

"ஆளுக்கு ஆயிரம்னு முடிச்சுக்கலாம்பா."
கண் வெளுத்த மீனைப் பார்ப்பதுபோல்
பிலோமினா தேசிங்கைப் பார்த்தாள்.

வண்ணாரப்பேட்டைக் கல்லூரியில் பாதியில் விட்ட பொருளியலில்
ஒரு கணக்கு எனக்கு மிச்சமிருந்தது.
அட்டையைக் கிழித்து எழுதினேன்: பி, தே, ஜி.

துறைமுக கேட் ஒன்று.
ஒவ்வொருவராய் உள்ளே வருகிறோம்.
வரும்போது எவ்வளவு கூடுகிறதோ
அது வந்தவருக்கு.

பிலோமினா முதலில் வந்தால்
ஓரமாய்த் தட்டு வைத்து விற்கும் அறுநூறு.
அடுத்து தேசிங்கு, தொள்ளாயிரம் கூடும்.
கடைசியாக நான், ஆயிரத்து ஐந்நூறு.
இந்தக் காலை எனக்குப் பிடித்திருந்தது.

நான் முதலில் வரும் காலையில்
கையில் ஆறு போன் நம்பர், மீன் இல்லை.
பூஜ்யம்.
தேசிங்கும் வந்து பக்கத்தில் நின்றால்
அதே சிமெண்ட், அதே முந்நூறு, அது அவனுடையது.
பிறகு அவள் வருகிறாள்,
இரண்டாயிரத்து எழுநூறும் அவள் பின்னாலேயே.

இப்படி ஆறு காலைகள்.
எந்தக் காலைக்கும் சிபாரிசு கிடையாது.
கூட்டினேன், ஆறால் வகுத்தேன்.
அவளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
அவனுக்குத் தொள்ளாயிரம்.
எனக்கு அறுநூறு.

இன்னொரு தரம் போட்டேன். அறுநூறு.

"ஆளுக்கு ஆயிரம்னு வாங்கினு போயிருக்கலாமே,
எதுக்குய்யா அட்டையத் தூக்கின?"
பிலோமினாவுக்கு நிஜமாகவே புரியவில்லை.
கனவில்கூட எப்போதும்
நான் கடைசியாகத்தான் வந்துகொண்டிருந்தேன்.
எல்லாரும் காத்திருக்க,
எல்லாம் தயாராயிருக்க,
நான் வந்ததும் வண்டி கிளம்பும்.
அவர்களும் அப்படித்தான்
அவரவர் கனவில் வந்திருப்பார்கள்.

பேசாமல் எண்ணி எடுத்துக்கொண்டோம்.

ஐஸ் உடைக்கும் அம்சவேணி
பெட்டியைத் திரும்ப எடுக்க வந்தவள்
அட்டையைத் தலைகீழாகப் பார்த்தாள்.
என்ன இது என்றாள். சொன்னேன்.
"அதுல நான் எந்தக் காலைல வர்றேன்?"

"உனக்குத்தான் பெட்டிக்கு நாப்பது குடுத்தாச்சே"
என்றான் தேசிங்கு.
குடுத்தாச்சு. மூணு பெட்டி, நூத்தி இருபது,
லாபம் எண்ணுவதற்கு முன்பே.
ஐஸ் இல்லாவிட்டால்
ராயபுரம் பாலம் ஏறுவதற்குள்
வஞ்சிரம் குழம்புக்குக்கூட ஆகாது.

அட்டையைத் திருப்பினேன்.
நாலு பேர் என்றால் இருபத்து நாலு காலை.
பி, தே, ஜி, அ.
அ முதலில். அ நடுவில். அ வராமலே
கேட்டில் நாங்கள் மூவரும்.

பதினேழாவது வரிசையில் நிறுத்தினேன்.
அவள் அதற்குள் அடுத்த படகுக்குப் போயிருந்தாள்,
தோளில் சுத்தியல்.
அட்டை நனைஞ்சிருக்கு, பேனா பிடிக்கல என்றேன்.

பேனா நன்றாகத்தான் எழுதியது.