ஏழாவது கேள்வி

ரோகிணியில் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி.
ஏசி குளிருக்கு என் துப்பட்டாவைக் கழற்றிக் கொடுத்தேன்.
கூடாது என்றார்கள்.
தோள் அசைந்தால் கோடு அசையுமாம்.

நெஞ்சில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை,
இரண்டு விரல்களில் கிளிப்,
புஜத்தில் பிரஷர் பார்க்கிற துணி.
"பிரசவத்துக்குக்கூட இவ்வளவு கட்டலைம்மா"
என்றாள் பூங்காவனம்.
அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார் அதிகாரி.
சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சம்மதப் பத்திரத்தை நான்தான் படித்துக் காட்டியிருந்தேன்.
"வேணாம்னு சொல்லலாமா?"
சொல்லலாம், சட்டம் அப்படித்தான் என்றேன்.
"சொன்னா என்ன நெனப்பாங்க?"
அதற்குப் பத்திரத்தில் வரி கிடையாது.
பெருவிரலை மையில் வைத்தாள்.

உன் பெயர் பூங்காவனமா?
ஆமா.
இன்றைக்குச் செவ்வாய்க்கிழமையா?
ஆமா.
கிரீன் பார்க் வீடு, பீரோ, நான்கு வளையல்கள்.
"சுராயா?" என்றார் அவர்.
எடுத்தீங்களா என்பதா, திருடினீங்களா என்பதா,
அரை நொடி தடுமாறினேன்.
என் அரை நொடியும் அவள் கோட்டில்தான் விழுந்திருக்கும்.
"வளையலை எடுத்தீங்களா?"
"தெனம் எடுப்பேன். தொடைச்சு வெப்பேன்."
ஆமா, இல்லை. அது மட்டும்தான் சொல்லணும்.
"அப்ப, இல்ல."

ஏழாவது, வழக்கோடு சேராத கேள்வி.
மூச்சு பழைய நிலைக்கு வரட்டும் என்று கேட்பது.
உனக்கு இரண்டு பிள்ளைகள்தானே?

பச்சைக் கோடு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.
"ஆமா" என்றாள், வெகுநேரம் கழித்து.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது சொல்லியிருந்தாள்,
மூன்று பெற்றவள்.
நடுவில் ஒன்று, சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில், ஒன்பதாம் நாள்.
அதிகாரியிடம் சொல்ல வாயெடுத்தேன்.
உள்ளங்கையைக் காட்டினார்:
கேட்டதை மட்டும்.

சாயங்காலம் லட்சுமி நகரில் சமோசாக் கடை டிவி.
சிவப்பு எழுத்தில் ஓடுகிறது:
ஏழாவது கேள்வியில் துள்ளியது ஊசி.

அந்த அறையில் ஊசியே இல்லை.
ஒரு லேப்டாப் இருந்தது, ஆடை படிந்த டீ இருந்தது,
நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

ஆளுக்கொரு பெட்டிக்குள் ஆறு பேர் கத்தினார்கள்.
பின்னால் யாருடைய இதயமோ
ஆஸ்பத்திரிச் சத்தத்தோடு துடித்துக்கொண்டிருந்தது.
அவள் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள்,
பெயரைப் பெரிதாகப் போட்டு.
பயந்தவனுக்கும் கோடு ஏறும், கோர்ட்டில் இது
சாட்சியே ஆகாது என்று ஒரு வக்கீல் ஆரம்பித்தார்.
பெயிண்ட் விளம்பரம் வந்தது.

கடைக்காரர் இன்னொரு சமோசாவை என் தட்டில் போட்டபடி
"உங்க ஊர்க்காரிதானே, தெரியுமா?" என்றார்.

இல்லை என்றேன்.
உடனே வந்தது, தடுமாறாமல்.
விரலில் கிளிப் இல்லை,
புளிச்சட்னி மட்டும்.