வரிசை எண் நான்கு

மண்டலப் போட்டிக்கான படிவம்.
தொடரோட்டம், நான்கு நூறு மீட்டர்,
பதினேழு வயதுக்குட்பட்ட மாணவியர்.
ஒன்று: நஸ்ரின்.
இரண்டு: மோகனப்பிரியா.
மூன்று: தர்ஷினி, கணுக்காலில் இன்னும் வீக்கம்.
நான்குக்கு எதிரே
பேனா முனை தொட்டு நின்ற ஒரு புள்ளி.
புள்ளி ஓடாது.

நான் வேலைக்கு வந்த வருஷம் அறுநூற்றுப் பத்துப் பேர்.
இன்று காலை வருகைப் பலகையில்
நூற்று நாற்பத்தேழு.
மே மாதம் முழுக்க நானும்தான் போனேன்
நோட்டீஸ் கட்டோடு,
வண்டிப்பாளையம், பச்சாங்குப்பம், சிங்காரத்தோப்பு.
ஓட்டம் நல்லா சொல்லித் தருவோம் என்றேன்.
வேன் விடுவீங்களா என்றார்கள்.

முதலில் கோகோ போயிற்று, அது பன்னிரண்டு பேர் கேட்கும்.
அப்புறம் கைப்பந்து.
கபடியை எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் கலந்து
ஐந்துக்கு ஐந்து என்று இழுத்துப் பிடித்தோம்.
மடக்க ஆளில்லாமல்
பாடி வந்தவள் எல்லாம் உயிரோடு திரும்பிப் போனாள்.
சிவப்பு நீலம் பச்சை மஞ்சள்
நான்கு அணியும் இரண்டாயின.
பச்சைக் கொடி இப்போது
வேதியியல் ஆய்வகத்தின் ஜன்னலில் தொங்குகிறது.

நீளம் தாண்ட இரண்டே பேர்.
மூன்றாம் பரிசுக் கோப்பை
பாலிதீன் உறை பிரிக்காமல் பெட்டிக்குத் திரும்பியது.
அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்றார் தாளாளர்,
வருஷம் என்ற சொல்லை
ஈரத் தரையில் காலை வைப்பதுபோல் வைத்து.
மைதானத்தின் பாதி மாலையில்
கார் பழகுகிறவர்களுக்கு வாடகை.
காலையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறேன்.
இரவுக்குள் யாரோ ஒருவருடைய ரிவர்ஸ் கியர்
அதை அழித்துவிடுகிறது.

எனக்கும் வாரத்தில் ஆறு பீரியட்தான் விளையாட்டு.
மிச்சத்துக்கு ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல்.
விசிலைக் கழற்ற மறந்து
சிந்துவெளிக் கழிவுநீர்க் கால்வாய் நடத்துகிறேன்.
முதல் பெஞ்சுப் பையன் ஒருவன்
எப்போது ஊதுவேனோ என்று
ஒரு காலை வெளியே வைத்தே உட்கார்ந்திருக்கிறான்.

இலக்கியா போனது ஜூனில்.
அவள் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவள்.
அந்தக் குரலைச் சின்னதாக்கிக்கொண்டு சொன்னாள்:
"தப்பா நெனைக்காதீங்க டீச்சர்.
சின்னவ ஆறாவது. கவர்மெண்டு ஸ்கூல்ல போட்டா
டாக்டருக்கு ஏழரை சதவீதம் இருக்காம்.
பெரியவளுக்கு அது கெடைக்காதுதான்.
ரெண்டும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரட்டும்."
ஏழரை என்றால் ஊரே எள் விளக்குப் போடும்.
சிங்காரத்தோப்பில் அதை வரச்சொல்லிக் காத்திருக்கிறார்கள்.
நான் தப்பாக நினைக்கவில்லை.
மாற்றுச் சான்றிதழை நானே போய் வாங்கித் தந்தேன்.
நடத்தை: நன்று.
பதிமூன்று புள்ளி ஆறு விநாடி என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

அண்ணா விளையாட்டரங்கில்
எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிடவில்லை.
மூன்று பெண்களும் என்னோடு
கயிற்றுக்கு இந்தப் பக்கம்.
பெயின்ட் உரிந்த எங்கள் தடி தர்ஷினியின் கையில்.
எதற்கு எடுத்து வந்தாய் என்று நான் கேட்கவில்லை.

கடைசி நூறு மீட்டருக்கு நிற்கிறாள் இலக்கியா.
வேறு நிறத்தில் பனியன், யாருடையதோ ஸ்பைக்ஸ்.
மூன்றாவது பெண் வளைவில் வருகிறாள்.
இவள் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காதே, தடி தானா வரும் என்று
வெள்ளிக் கடற்கரை மணலில் ஆறு மாதம்
தொண்டை கிழியக் கத்தியவள் நான்.
கை பின்னால் நீள்கிறது,
கட்டைவிரல் விலகி, உள்ளங்கை மேலே பார்த்து.
ஒரு கணம் அது காலியாக இருக்கிறது.

என் பக்கத்தில்
தர்ஷினி, வீங்கிய காலோடு,
தன்னை அறியாமல்
தடியை முன்னே நீட்டினாள்.